ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய வெப்மெயில்

‘உங்கள் கணினியின் கடிகாரத்தைச் சரிபார்க்கவும்.’ வெப்மெயிலில் நேரம் தவறாகத் தெரிகிறது என்று புகார் கொடுத்தால் உதவிப் பிரிவிலிருந்து வரும் முதல் பதில் இதுதான். இரண்டாவது, ‘கேஷை அழித்துவிட்டு மீண்டும் உள்நுழையவும்.’ கடிகாரம் சரியாக ஓடுகிறது, கேஷையும் அழித்தாயிற்று என்று எழுதினேன். மறுபடியும் முதல் பதிலே வந்தது. எழுதியதை யாராவது படித்தார்களா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வார இறுதியில் அலுவலக மெயில் சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள். அதன் பிறகு மாலை மூன்றரைக்கு வந்த மடல் காலை பத்து மணிக்கு வந்ததாகக் காட்டியது. விடியற்காலை வந்தவை முந்தைய நாள் கணக்கில் போய்ச் சேர்ந்தன. பார்ப்பதற்குத்தானே தவறு என்று விட்டிருப்பேன். ஆனால் காலை ஒன்பது மணிக்குப் போக வேண்டும் என்று நேரம் குறித்து வைத்த மடல் பிற்பகல் இரண்டரைக்குப் புறப்பட்டது. பத்து மணிக்கு நான் போட்ட கூட்டம் மற்றவர்களின் கைபேசியில் மூன்றரை மணிக்கு இருந்தது. இணைய அறையில் தனியாக உட்கார்ந்து காத்திருந்த எரிச்சலில்தான் இதைத் தோண்ட ஆரம்பித்தேன்.

இதே தொல்லையில் இருப்பவர்கள் வேறு எதையும் தொடும் முன் வித்தியாசத்தை அளந்து பாருங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். உங்கள் நேர மண்டலத்துக்கும் யுடிசிக்கும் (உலகப் பொது நேரம்) உள்ள இடைவெளி அப்படியே யுடிசி பக்கமாகப் பிசகியிருந்தால், நேரத்தை மண்டலத்துக்கு மாற்றாமல் யுடிசியாகவே காட்டுகிறார்கள் என்று பொருள். எனக்குச் சரியாக ஐந்தரை மணி நேரம். அதே இடைவெளி எதிர்த்திசையில் பிசகினால் மாற்றம் இரண்டு முறை நடக்கிறது. ஒரே ஒரு மணி நேரம் என்றால் கோடைகால நேர விதிகள் (சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம்) பழையவையாக இருக்கலாம். மெக்சிகோவின் பெரும்பகுதி 2022-ல் கோடை நேரத்தைக் கைவிட்டது. அதன் பிறகு புதுப்பிக்கப்படாத சர்வர் அந்த ஊர்களுக்குக் கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்லும். சில நிமிடங்கள் மட்டும் என்றால் சர்வரின் கடிகாரமே வழுவுகிறது. நேர மண்டலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கணினியின் நேர மண்டலத்தை மாற்றி ஈடுகட்டலாம் என்று உதவிப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் யோசனை சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெப்மெயிலில் நேரம் சரியாகத் தெரியக்கூடும். கணினியில் உள்ள மற்ற எல்லாமே தவறிப்போகும்.

அடுத்து, மடலின் மூலத்தைத் திறந்து ஹெட்டர் வரிகளை, அதாவது மடலின் தலைப்பகுதியில் உள்ள பயணக் குறிப்புகளைப் பாருங்கள். ‘டேட்’ வரியில் இருப்பது அனுப்பியவரின் கணினியோ அவருடைய சர்வரோ எழுதிய நேரம். ‘ரிசீவ்டு’ வரிகள் வழியிலிருந்த ஒவ்வொரு சர்வரும் அஞ்சல் முத்திரை போலக் குத்தியவை. அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நேரத்தின் பின்னாலும் +0530, -0400 என்று யுடிசியிலிருந்து உள்ள தூரம் இருக்கும். எனக்கு வந்த மடலில் 15:30:00 +0530 என்று தெளிவாக இருந்தது. எங்கள் சர்வரின் முத்திரையும் அதற்குச் சில விநாடிகள் தள்ளிச் சரியாகவே விழுந்திருந்தது. ஆக, அனுப்பியவர் மீதோ சர்வரின் கடிகாரத்தின் மீதோ பழியில்லை. திரையில் காட்டும் இடத்தில்தான் கோளாறு. இந்த வரிகளை நகலெடுத்துப் புகாரில் ஒட்டிய பிறகு கடிகாரத்தைப் பற்றிய அறிவுரை நின்றது.

நின்றதே தவிர, வேறொன்றும் நகரவில்லை. வழி திறந்தது தற்செயலாக. இன்னொரு பிரவுசரில் அதே கணக்கைத் திறந்தேன். நேரம் சரியாக இருந்தது! ஒரே கணினி, ஒரே கணக்கு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நேரங்கள். வெப்மெயிலின் அமைப்புகளில் நேர மண்டலம் ‘தானியங்கி’ என்று இருந்தது. அதாவது, மண்டலத்தின் பெயரை அது பிரவுசரிடம் கேட்டு வாங்குகிறது. பிரவுசருக்கு நேரடியாகக் கட்டளை எழுதும் இடமான டெவலப்பர் கன்சோலில், இரண்டு பிரவுசர்களிடமும் அதே கேள்வியை நானும் கேட்டேன். ஒன்று ‘ஏசியா/கொல்கத்தா’ என்றது. தவறாகக் காட்டிய மற்றொன்று ‘ஏசியா/கல்கட்டா’ என்றது.

இரண்டும் குறிப்பது ஒரே நேரத்தைத்தான். நகரத்தின் பெயர் 2001-ல் மாறியது. கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளம் பழைய பெயரையும் மாற்றுப் பெயராக வைத்திருக்கிறது. குரோமியம் வகை பிரவுசர்கள் (குரோம், எட்ஜ் போன்றவை) பழையதையே நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கின்றன. அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளங்களில், உபுண்டு 24.04 போன்ற பதிப்புகளில் இத்தகைய பழைய பெயர்களைப் பிரித்து ‘டிஇசட்டேட்டா-லெகசி’ என்ற தனித் தொகுப்பில் வைத்துவிட்டார்கள். அதை நிறுவாத சர்வருக்குக் கல்கட்டா என்றால் எந்த ஊர் என்று தெரியாது. தெரியாத பெயர் வந்தால் எங்கள் வெப்மெயில் எச்சரிக்கை எதுவும் காட்டாமல் யுடிசிக்குப் போய்விடுகிறது. தெரியவில்லை என்று ஒரு வரி காட்டியிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

உடனடி மருந்து எளிது: அமைப்புகளில் ‘தானியங்கி’யை விட்டுவிட்டு மண்டலத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஊர்ப்பெயருடன் உள்ளதையே எடுங்கள். ஊரே இல்லாமல் வெறும் ஜிஎம்டி+5, ஜிஎம்டி+6 என்று தரவுத்தளப் பெயர்கள் பட்டியலில் இருந்தால் அவற்றின் பக்கம் போகாதீர்கள். அங்கே கூட்டல் குறி பின்தங்கிய நேரத்தைக் குறிக்கும். ஐஎஸ்டி என்ற சுருக்கத்தையும் நம்ப முடியாது; இந்தியாவும் இஸ்ரேலும் அயர்லாந்தும் அதைப் பயன்படுத்துகின்றன.

இரண்டு பிரவுசர்களின் திரைப்பிடிப்புகள், அவை சொன்ன பெயர்கள், விடுபட்ட தொகுப்பின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, உதவிப் பிரிவைத் தாண்டி நேரடியாகச் சர்வர் நிர்வாகியிடம் கொண்டுபோனேன். அவர் படித்தார், தொகுப்பை நிறுவினார், வெப்மெயிலை மீண்டும் தொடங்கினார். தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

மடல்கள் தாமாகவே சரியாகிவிட்டன. அவற்றின் உள்ளே இருந்த நேரம் எப்போதும் கெடவில்லை. நாட்காட்டி அப்படியில்லை. கோளாறு இருந்த நாட்களில் போட்ட கூட்டங்கள் யுடிசி நேரமாகவே பதிந்துபோயிருந்தன. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினேன். வாரந்தோறும் வரும் கூட்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. உடனே எல்லோருக்கும் ரத்து அறிவிப்பு பறக்க, ‘கூட்டம் இல்லையா?’ என்று வரிசையாக விசாரணைகள். ஆகவே கூட்டத்தைத் திருத்தும் முன் அழைக்கப்பட்டவர்களுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். நேரம் குறித்து இன்னும் போகாமல் காத்திருக்கும் மடல்களையும் பாருங்கள்.

புகாரை ‘பயனரின் பிரவுசர் அமைப்பில் கோளாறு, தீர்க்கப்பட்டது’ என்று எழுதி மூடியிருந்தார்கள். விடவில்லை. மறுபடியும் திறக்க வைத்து, காரணம் சர்வரில் விடுபட்ட தொகுப்பு என்று பதிய வைத்தேன். அடுத்த முறை சர்வரை மாற்றுகிறவர் தேடினால் அது கிடைக்க வேண்டும்.