முக்கால் இஞ்சி மெட்டல்

2025 ஜூலை 6, ஞாயிறு

விடியப்புறம் எழும்பி முதல் வேலையாகப் போனைத் தூக்கினேன். நேற்று பர்மிங்காம், வில்லா பார்க் மைதானத்தில் ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபத்தின் கடைசி நிகழ்ச்சி. ஓஸி, டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட் நால்வரும் ஒன்றாக மேடையேறி 20 வருடம். ஓஸி எழும்பி நிற்க ஏலாமல், சிம்மாசனம் மாதிரி ஒரு கதிரையில் இருந்தபடியே பாடினார். ஆட்கள் எடுத்துப் போட்ட துண்டு வீடியோக்களைப் பார்த்ததில் தேத்தண்ணி ஆறிப்போச்சு.

அக்காவின் மகன் இடியப்பம் கொண்டுவந்தான். ஏ.எல். படிக்கிறவன். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டான்: “மாமா, இது பிளாக் மெட்டலா? பேர்ல பிளாக் கிடக்கு.”

அவ்வளவுதான். வாத்தியார் ஆகிவிட்டேன். 1970 பெப்ரவரி 13 வெள்ளிக்கிழமை வந்த முதல் அல்பத்தில் தொடங்கி, தகட்டுத் தொழிற்சாலை இயந்திரத்தில் அயோமியின் இரண்டு விரல் நுனி போனது, பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தது, பிறகு நரம்பைத் தளர்த்திச் சுருதியை இறக்கியது, இன்றைக்கு டூம் என்று சொல்லப்படும், மெதுவாகவும் பாரமாகவும் வாசிக்கும் முழு வகையும் அந்த இறக்கத்தில்தான் நிற்கிறது என்பது வரைக்கும் முக்கால் மணித்தியாலம். எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப லிங்கின் பார்க் என்ன வகை?” என்றான்.

“அது மெட்டலே இல்ல.”

முகம் சுருங்கிப் போச்சு. சம்பலை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கிறுகிப் போய்விட்டான்.

ஜூலை 8, செவ்வாய்

நான் வேலை செய்யும் கட்டடச் சாமான் கடையில் இன்றைக்கு ஏச்சு. மட்டக்களப்பில் மெட்டல் என்றால் எவருக்கும் கிட்டார் ஞாபகம் வராது. கொங்கிறீற்றுக்குப் போடும் உடைத்த கல்லுத்தான் மெட்டல். புதிதாகச் சேர்ந்த பொடியன் போனில் “ஒரு கியூப் மெட்டல்” என்று எழுதிக்கொண்டான். என்ன அளவு என்று கேட்கவில்லை. கொங்கிறீற்றுத் தட்டு போடும் வீட்டுக்கு ஒன்றரை இஞ்சி போய் இறங்கிவிட்டது. தட்டுக்கு வேண்டியது முக்கால் இஞ்சி. பெரிய கல்லு கம்பிக்கிடையால் இறங்காது, உள்ளே பொந்து விழும். மேசன் பாஸ் வீட்டுக்காரரை ஏச, வீட்டுக்காரர் முதலாளியை ஏச, முதலாளி என்னை ஏச, நான் பொடியனை ஏசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏசினது போதும்.

கல்லுத்தூள், சிப்ஸ், முக்கால், ஒன்றரை, ஆறுக்கு ஒன்பது. எல்லாம் ஒரே மலையை உடைத்ததுதான். பெயர் இல்லாவிட்டால் லொறி வீணாக ஓடும்.

ஆனால் கல்லை உடைத்த பிறகுதான் பெயர் வைக்கிறோம். பாட்டில் அப்படி நடக்கவில்லை. வெனம் என்ற குழு 1982-ல் தங்கள் அல்பத்துக்கு ‘பிளாக் மெட்டல்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைப் பிற்பாடு நோர்வேக்காரர் எடுத்து வளர்த்தது வேறொரு சத்தம். வெனத்தைக் கேட்டால் காது த்ராஷ் என்ற வேகமான வகையின் பக்கம்தான் போகும். பொசெஸ்ட் குழுவின் 1985 அல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் பெயர் ‘டெத் மெட்டல்’. முதலில் பெயர்ப்பலகையை நட்டுவிட்டு ஊரைப் பிறகு கட்டியிருக்கிறார்கள். மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி கடைசிவரைக்கும் தாங்கள் வாசிப்பது ரொக் அண்ட் ரோல் என்றே சொல்லிக்கொண்டு போனார். அவரைக் கேட்டு யாரும் பலகையை மாற்றவில்லை.

ஜூலை 10, வியாழன், போயா

பௌர்ணமி லீவு, கடை பூட்டு. வலையிறவுப் பாலத்தால் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போனேன், பெரியப்பாவைப் பார்க்க. கச்சான் காற்று முகத்தைச் சுட்டது. பெரியப்பா ஒரு காலத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். இப்ப முழங்கால் விடுகுதில்லை, மத்தளம் மட்டும் சுவரில் தொங்குகிறது.

இயர்போனை அவர் காதில் வைத்து, கடும் வேகத்தில் வாசிக்கும் நேபாம் டெத் கொஞ்சம் போட்டேன். அவர்களும் பர்மிங்காம்தான். 1987 அல்பத்தில் 2 செக்கனுக்கும் குறைந்த ஒரு பாட்டு இருக்கிறது. அதையும் போட்டேன். தொடங்கினதா முடிந்ததா என்று கேட்டார். மறுகா டூம் குழுவான கேண்டில்மாஸ். கண்ணை மூடிக்கொண்டு விரலால் கதிரைக் கையில் தட்டினார்.

“முதல் போட்டது வேற ஆக்கள். இவங்கள் ஆறுதலா, அடிக்கும் அடிக்கும் இடையில காத்துப் போக விடுறாங்கள்.”

டூமுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எங்கும் படித்ததில்லை.

கூத்தை வடமோடி, தென்மோடி என்று பிரித்தது எதற்கு என்று கேட்டேன். வடமோடியில் பாரத, இராமாயணப் போர்க்கதை கூட, உடுப்பும் பாரம். தென்மோடியில் உடுப்பு லேசு, பாட்டை இழுத்துப் பாடுவது என்று எல்லாரும் சொல்லும் கதையைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: “மோடி தெரியாட்டி சட்டம் குடுக்கேலா மனெ. ஆடுறவனுக்குக் காலில தெரியணும். பாக்கிறவனுக்கு எதுக்கு? விடியுமட்டும் நித்திரை வராம இருந்தாச் சரி.” சட்டம் என்றால் ஆடுகிறவனுக்கு அவனுடைய பாகத்தைப் பிரித்துக் கொடுப்பது.

திரும்பி வரும் வழியெல்லாம் அதோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன். பாக்கிறவனுக்கும் வேணும் பெரியப்பா. கையில் ஒரு கசெற்றுக்குத்தான் காசு இருக்கும் என்றால் வேணும்.

ஜூலை 12, சனி

அந்தக் கசெற்றுகள் பற்றி. ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய வைத்திருந்தேன். 2004-ல் கடல் கல்லடி வீட்டோடு அதையும் கொண்டுபோனது. பிள்ளைகளைக் கொடுத்த சனம் இருக்கிற ஊரில் கசெற்றுக்கு அழ வெட்கம். இருபது வருடம் கழித்து இங்கே மட்டும் எழுதுகிறேன்.

பிறகு 2008. எனக்கு 20 வயது, வெள்ளவத்தையில் ஒரு அறை, பொருட்கள் அடுக்கும் வேலை. கொழும்பில் ஸ்டிக்மாட்டா மாதிரி மெட்டல் குழுக்கள் இருக்கின்றன என்று தெரிந்தபோது, இந்த நாட்டிலேயே இதை வாசிக்கிறார்களா என்று நித்திரை வரவில்லை. ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். மண்டையோட்டுப் படம் போட்ட சேர்ட்டை உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மட்டக்களப்பு அடையாள அட்டையோடு சோதனைச் சாவடியில் நிற்கிறவன் அதற்குமேல் மண்டையோட்டுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க ஏலாது.

உள்ளே எல்லாம் சிங்களமும் இங்கிலிசும். எனக்கு இரண்டும் அரைகுறை. பக்கத்தில் நின்ற சிங்களப் பொடியன் என் சேர்ட்டைத் தொட்டு “த்ராஷ்?” என்றான். “த்ராஷ்” என்றேன். “ஸ்லேயர்?” தலையாட்டினேன். “டூம்?” கையை மெதுவாக ஆட்டிக் காட்டினேன், கொஞ்சம் கொஞ்சம் என்று. அவன் சிரித்தான். இப்படியே ஒரு மணித்தியாலம். வசனம் ஒன்றுகூட இல்லை, முழுக்கப் பெயர்ச்சொல். வெளியே நாடு இருந்த நிலைக்கு, ஒரு சிங்களப் பொடியனோடு அவ்வளவு நேரம் நான் அதுக்கு முதல் கதைத்ததில்லை.

அதே இரவு, வெளியே வரும்போது நீளத் தலைமயிர்க்காரர் ஒருவர் எனக்குப் பிடித்த குழு எது என்று கேட்டார். சொன்னேன். கூட்டாளிகளைப் பார்த்து “அது மெட்டலே இல்லை” என்று இங்கிலிசில் சொல்லிச் சிரித்தார். அந்த அளவு இங்கிலிசு எனக்கு விளங்கியது.

எந்தக் குழு என்று இன்றைக்கும் எழுதமாட்டேன். லிங்கின் பார்க் இல்லை. ஆனால் தூரத்துச் சொந்தம்.

ஜூலை 13

அக்கா வீட்டுக்குப் போய், வகையில் இறங்காமல், அவனுக்குப் பிடித்த பாட்டை முழுக்க இருந்து கேட்டேன். ட்ரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேள் என்றேன். காலால் உதைக்கும் மேளமும் கையால் அடிக்கும் ஸ்னேரும் வேகமாக மாறி மாறி ஓடினால் த்ராஷ், அடியை எண்ண ஏலாமல் ஒரே இரைச்சலாக விழுந்தால் பிளாஸ்ட், மூச்சு விட இடம் இருந்தால் டூம். அவன் பேப்பரில் எதையோ கிறுக்கினான். காட்டவில்லை.

ஜூலை 23, புதன்

ஓஸி நேற்றுப் போய்விட்டார். 76 வயது. அந்தக் கதிரையை விட்டு இறங்கி 17 நாள்.

கடையில் யாரிடம் சொல்வது? சீமெந்து வாங்க வந்தவரிடமா?

ஜூலை 24, ஆடி அமாவாசை

மாமாங்கக் கோயிலில் சரியான சனம். அப்பாவுக்குப் பிதிர்க்கடன் கழித்துவிட்டுக் குளக்கரையில் ஈர வேட்டியோடு நிற்க, மருமகன் காதுக்குள் வந்து, “ஓஸிக்கும் சேர்த்தோ மாமா?” என்றான். வாயைப் பொத்து என்றேன். நினைத்ததுதான், ஆனால் அவன் எப்படிக் கண்டுபிடித்தான்?

ஜூலை 27, ஞாயிறு

ஒரு பென்டிரைவ் கொண்டுவந்து தந்தான். என்னுடைய பாட்டு முழுவதையும் தானே பிரித்து அடுக்கினானாம். திறந்தால் ஐந்து பெட்டி: தூள், சிப்ஸ், முக்கால், ஒன்றரை, ஆறுக்கு ஒன்பது.

தூளில் நேபாம் டெத். அடி அவ்வளவு பொடியாம். சிப்ஸில் ஸ்லேயர். ஆறுக்கு ஒன்பதில் சபத்தின் முதல் அல்பமும் கேண்டில்மாஸும். ஒரு கல்லை ஒரு கையால தூக்க ஏலாது மாமா, அதுதான் என்றான். முக்காலுக்குள் லிங்கின் பார்க்கைத் திணித்திருக்கிறான், மெட்டாலிகாவுக்குப் பக்கத்தில். அதையும் பேசாமல் விட்டேன்.

ஆனால் மோட்டர்ஹெட்டை ஒன்றரையில் போட்டிருக்கிறான். பிழை. அது சிப்ஸ். இப்ப ராத்திரி பத்தரை, இன்னும் வொட்சப்பில் சண்டை நடக்கிறது. லெம்மி கிட்டார் மாதிரி பேஸ் வாசிப்பார், அதால பாரம் கூட, ஒன்றரைதான் என்று எழுதியிருக்கிறான். பேஸைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தது யார் என்று தெரியவில்லை. நான் ட்ரம்ஸ் மட்டும்தான் சொன்னேன்.