டிபார்ட்மென்ட் லைப்ரரி ரெப் வேலை: புக் எப்படி உள்ள வருது, எப்படி வெளிய போகுது

லைப்ரரி ரெப்னு ஒரு பொறுப்பு எல்லா டிபார்ட்மென்ட்லயும் இருக்கும், யாரும் ஆசப்பட்டு வாங்கிக்கிறது இல்ல, புதுசா சேர்ந்தவங்க தலையிலதான் கட்டுவாங்க, எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. என்ன செய்யணும்னு கேட்டதுக்கு, எல்லார்கிட்டயும் புக் லிஸ்ட் வாங்கி லைப்ரரிக்கு அனுப்பணும், அவ்வளவுதான்னு சொன்னாங்க. அவ்வளவு மட்டும் இல்ல. இனிமே இதுல மாட்டப்போறவங்களுக்கு உதவும்னு நடந்தத எழுதுறேன்.

லிஸ்ட் வர்ற லட்சணத்த சொல்லியாகணும். ஒரு சீனியர் ஒரு பதிப்பகத்தோட கேட்டலாக் பிடிஎஃப்ஐ முழுசா ஃபார்வர்டு பண்ணி "எல்லாமே முக்கியம்"னு ஒரு வரி போட்டிருந்தாரு. இன்னொருத்தர் "நீங்களே பாத்து போட்டுடுங்க"ன்னாரு. ஒருத்தர் தான் எழுதின புக்கையே அஞ்சு காப்பி கேட்டாரு, அதுக்கு நான் என்ன பதில் சொல்ல. பாதி பேர் எதுவுமே அனுப்பல, அப்புறம் வருஷம் முழுக்க லைப்ரரில ஒண்ணுமே இல்லன்னு பொலம்புறதும் அவங்கதான்.

எங்க பாடத்துக்குன்னு லைப்ரரில ஒரு சப்ஜெக்ட் லைப்ரரியன் மேடம் இருக்காங்க. வந்ததெல்லாம் தொகுத்து அவங்ககிட்ட கொண்டு போனப்ப அவங்க புக் பேரையே பாக்கல, "எந்த கோர்ஸுக்கு சார், எத்தன பசங்க படிக்கிறாங்க, ரெண்டு வருஷம் கழிச்சும் அந்த கோர்ஸ் இருக்குமா?"ன்னுதான் கேட்டாங்க. அவங்க ஃபார்ம்ல டைட்டில், ஐஎஸ்பிஎன் (புக்கோட அடையாள நம்பர்), எடிஷன் எல்லாம் இருந்தாலும் கடைசில இருக்குற "காரணம்" கட்டம்தான் முடிவு பண்ணுது. "ஆராய்ச்சிக்கு பயன்படும்"னு எழுதினா அது எந்த புக்குக்கும் பொருந்தும், அப்ப அதுக்கு மதிப்பே இல்ல. "இந்த பேப்பரோட மூணாவது யூனிட் முழுக்க இதுல இருந்துதான், வேற புக் இல்ல"ன்னு எழுதினா வேல நடக்குது. அதனால எல்லாருக்கும் திருப்பி மெயில் போட்டு காரணத்தோட கேட்டேன், கேட்டலாக் அனுப்பின சீனியர் லிஸ்ட் தானாவே பத்து புக்கா சுருங்கிடுச்சு.

ஐஎஸ்பிஎன் பத்தி ஒரு சின்ன விஷயம். கெட்டி அட்டை, பேப்பர்பேக், இ-புக் மூணுக்கும் தனித்தனி நம்பர். லைப்ரரி கேட்டலாக்ல நம்பர போட்டு தேடினா இல்லன்னு காட்டும், ஆனா அதே புக் வேற வடிவத்துல ஷெல்ஃப்ல இருக்கும். டைட்டிலும் ஆசிரியர் பேரும் போட்டு தேடிட்டு அனுப்புங்க.

இ-புக்னா ஒண்ணு வாங்கினா போதும், எல்லாரும் படிக்கலாம்னு ரொம்ப பேர் நெனச்சுட்டு இருக்காங்க. லைப்ரரி வாங்குறது லைசன்ஸ். ஒரே நேரத்துல ஒருத்தர் மட்டும், மூணு பேர் மட்டும், எத்தன பேர் வேணாலும்னு பல வகை இருக்கு, வெலயும் அதுக்கேத்தபடி ஏறும். ஒரு ஆள் லைசன்ஸ் வாங்கி வச்சிட்டு பரீட்சைக்கு முந்தின ராத்திரி அறுபது பசங்க அந்த லிங்க்க அமுக்கினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க, அப்படி தடுக்கப்பட்டு திரும்பிப்போன கணக்கும் ரிப்போர்ட்ல வரும், அடுத்த தடவ பெரிய லைசன்ஸ் கேக்க அதுதான் ஆதாரம். இதுல இன்னொரு கூத்து, நெறைய டெக்ஸ்ட்புக்க பதிப்பகங்க லைப்ரரிக்கு இ-புக்கா விக்கிறதே இல்ல, மாணவர் தனித்தனியா வாங்கினாதான் கிடைக்கும். அதுக்கு ஒரே வழி அச்சு காப்பிய ரிசர்வ்ல வச்சு சில மணி நேரத்துக்கு மட்டும் குடுக்குறதுதான்.

வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டலாக்ல ஏத்தி வச்சு, யாராவது திறந்து கொஞ்சம் படிச்ச பிறகு மட்டும் பணம் போற மாதிரி ஒரு ஏற்பாடும் இருக்கு. எங்க லிஸ்ட்ல சந்தேகமா இருந்தத எல்லாம் மேடம் அதுல போட்டாங்க. யாரும் திறக்கலன்னா செலவும் இல்ல, சண்டையும் இல்ல.

நெஜமான சண்ட ஜர்னல்லதான். புக் ஒரு தடவ செலவு, ஜர்னலும் டேட்டாபேஸும் வருஷா வருஷம். வெல ஒவ்வொரு வருஷமும் ஏறும், ஒதுக்கீடு அப்படியே நிக்கும், அப்ப ஏறினத எங்கருந்து எடுப்பாங்க, புக் வாங்குற பணத்துலருந்துதான். அதனால புது ஜர்னல் கேட்டா முதல் கேள்வியே "எத நிறுத்தலாம்?"னு வருது. கூடவே ஒரு எக்செல் ஷீட் குடுத்தாங்க, வருஷ சந்தாவ எத்தன தடவ டவுன்லோட் ஆச்சுங்கிறதால வகுத்து ஒரு தடவ படிக்க எவ்வளவு செலவுன்னு போட்டிருக்கும்.

இந்த ஷீட்ட அப்படியே நம்பிடாதீங்க, அதுக்காக தூக்கியும் போடாதீங்க. டவுன்லோட் கணக்க பதிப்பகங்க கவுன்ட்டர்ங்கிற பொது விதிப்படி குடுக்கணும். பழைய விதில ஒருத்தர் ஒரே கட்டுரைய ஸ்க்ரீன்ல திறந்து பாத்துட்டு பிடிஎஃப்பும் இறக்கினா ரெண்டுன்னு எண்ணிச்சு, 2019ல நடைமுறைக்கு வந்த அஞ்சாவது பதிப்புலதான் அத ஒண்ணுன்னு எண்ணுற தனி கணக்கு வந்துச்சு. அதனால பழைய வருஷத்தையும் புது வருஷத்தையும் பக்கத்துல வச்சு "பாதியா கொறஞ்சிடுச்சு"ன்னு யாராவது சொன்னா எந்த கணக்கு ரெண்டுலயும் எடுத்தாங்கன்னு கேளுங்க. அப்புறம் சின்ன துறைல ரெண்டே பேர் ஆராய்ச்சி பண்றாங்கன்னா எண்ணிக்க கொறவாத்தான் இருக்கும், அதுக்காக அவங்க வேல கொறஞ்சதுன்னு ஆகுமா. எங்க லிஸ்ட்ல அப்படி ஒண்ணு இருந்துச்சு, ஒரு ஸ்காலரோட தீசிஸ் முழுக்க அத நம்பி இருக்குன்னு எழுதிக் குடுத்தோம், தப்பிச்சுது. ஒரு ப்ரொஃபஸர் எடிட்டோரியல் போர்டுல இருக்குற ஜர்னல யாருமே திறக்கல, அது போச்சு, அவரு என்கிட்ட கொஞ்ச நாள் பேசல.

நிறுத்துறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கட்டாயம் கேக்கணும். சந்தா கட்டின வருஷங்களோட இதழ்கள் நிறுத்தின பிறகும் திறக்குமா? ஒப்பந்தத்துல இருந்தாதான் திறக்கும். அடுத்தது, "அந்த ஜர்னல்தான் டேட்டாபேஸ்லயே இருக்கே"ன்னு சொல்வாங்க, அங்க பல ஜர்னல் ஒரு வருஷம் தாமதமாத்தான் வரும், ஒப்பந்தம் மாறினா ஒரு நாள் காணாமயும் போகும். பெரிய பேக்கேஜா வாங்கியிருந்தா ஒண்ணு ரெண்ட மட்டும் உருவவும் முடியாது, வச்சா மொத்தம் விட்டா மொத்தம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019ல எல்செவியர்ங்கிற பெரிய ஜர்னல் பதிப்பகத்தோட மொத்தமா முறிச்சுட்டு 2021லதான் புது ஒப்பந்தம் போட்டுச்சு, அவ்வளவு பெரிய இடத்துக்கே ரெண்டு வருஷம் ஆச்சு.

கடைசியா பழைய புக்க ஷெல்ஃப்லருந்து கழிக்கிற வேல. பத்து வருஷமா யாரும் எடுக்காத புக் லிஸ்ட் வந்துச்சு, டிபார்ட்மென்ட்ல ஒரே கூச்சல், அறிவையே தூக்கி எறியுறாங்கன்னு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல 1979ல வெளிவந்த ஆய்வுல 1969ல வாங்கின புக்ல சுமார் 40 சதவீதம் அடுத்த 6 வருஷத்துல ஒரு தடவகூட கடனா போகலன்னு தெரிஞ்சப்ப அங்கயும் பேராசிரியர்கள் கொதிச்சாங்க. கோவத்துல நியாயமும் இருக்கு, ஷெல்ஃப் பக்கத்துலயே உக்காந்து படிச்சுட்டு மேஜைல வச்சுட்டு போறது கடன் கணக்குல வராது. ஆனா நூலகம் வளர்ற உயிர்னு 1931லயே நூலக அறிவியல் அறிஞர் ரங்கநாதன் தன்னோட அஞ்சு நூலக விதில அஞ்சாவதா சொன்னாரு, வளர்றதுன்னா ஷெல்ஃப் நீளமாகிட்டே போறது மட்டும்னு நான் எடுத்துக்கல.

நானும் இன்னொருத்தரும் ஷெல்ஃப் ஷெல்ஃபா நின்னு பாத்தோம். புது எடிஷன் இருக்குற பழைய சாஃப்ட்வேர் புக், நாலு காப்பி இருக்குற கைடு, இதெல்லாம் யோசிக்காம விட்டுக்கொடுத்தோம். வேற எந்த லைப்ரரிலயும் இல்லாத கடைசி காப்பி, பழைய துறை அறிக்கைங்க, ஓரத்துல குறிப்பு எழுதின சில புக், இதையெல்லாம் காரணம் எழுதி ஸ்டோருக்கு மாத்த சொன்னோம், மேடம் ஒண்ணகூட மறுக்கல. கூச்சல் போட்டவங்கள கூப்பிட்டோம், வந்து பாத்தது ஒருத்தர்தான்.

நேரம் ரொம்ப முக்கியம். நிதியாண்டு முடியுற மாசத்துல லிஸ்ட் குடுத்தா ஆர்டர் போயி புக் வந்து பில் பாஸ் ஆகுறதுக்குள்ள அந்த பணம் திரும்பிப் போயிடும், செமஸ்டர் ஆரம்பத்துலயே குடுத்துடுங்க. கிடைக்காம போன டைட்டில்களயும் காரணத்தோட ஒரு ஷீட்ல வச்சுக்கோங்க. வருஷக் கடைசில வேற டிபார்ட்மென்ட் செலவு பண்ணாத பணம் மீந்தா சப்ஜெக்ட் லைப்ரரியன்தான் ஃபோன் பண்ணி "உடனே வாங்குற மாதிரி ஏதாவது இருக்கா சார்"னு கேப்பாங்க, அன்னிக்கே அனுப்பணும், உடனே கிடைக்கிற இ-புக்கா இருந்தா இன்னும் நல்லது. எனக்கு அப்படி ஒரு ஃபோன் வந்துச்சு, ஷீட்ட அப்படியே அனுப்பினேன், பாதிக்கு மேல வந்துடுச்சு. மீதி அடுத்த ரெப்புக்கு போற ஃபோல்டர்ல இருக்கு, அந்த அஞ்சு காப்பி கோரிக்கையும் அதுலதான் இருக்கு.