லிப் உரசத்தான் செய்யும், எதை உரசக் கொடுப்பது?

லோயரிங் ஸ்பிரிங் (உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்) போட்ட காரில் முன் லிப் (முன் பம்பரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு) உரசவே கூடாது என்று நினைத்தால் வண்டியை வீட்டிலேயே பூட்டி வைக்க வேண்டியதுதான். லிப் படுவதற்கு முந்தியே தரையில் படுகிற மாதிரி ஒரு மலிவான துண்டை அடியில் மாட்டிவிட்டால் தேய்மானம் அதோடு போகும்.

முதலில் அளவெடுங்கள். வழக்கமாக ஏறும் ஆட்கள் உட்கார்ந்திருக்க, சமதளத்தில் லிப்பின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி, முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து லிப் முனை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 100 மி.மீ., 600 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் சுமார் ஒன்பதரை டிகிரி சரிவு வரை தட்டாது. சாலைகளுக்கு அளவு விதிக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் வட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம். அதன் தொடக்கச் சரிவே 6 டிகிரி சொச்சம்தான். அதாவது, விதிப்படி போட்ட தடையில் இந்த வண்டி மெதுவாகப் போனால் தட்டாது. தட்டுவதெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட் கொட்டி எழுப்பிய, இரண்டடி அகலம் அரையடி உயரம் உள்ள தெரு மேடுகள்தான்.

துண்டுக்கு ஏற்ற பொருள் எச்டிபிஇ பிளாஸ்டிக். கடையில் விற்கும் வெள்ளைக் காய்கறி வெட்டும் பலகை பெரும்பாலும் இதேதான், 10 மி.மீ. தடிமனில் கறுப்பு ஷீட் கிடைத்தால் வெயிலுக்கு இன்னும் நல்லது. வழுக்கிக்கொண்டு போகும், உடையாது. ஒரே சிக்கல், இதில் சாதாரண டேப் எதுவும் சரியாக நிற்காது. இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியது முதல் மேட்டிலேயே கழன்று விழும். போல்ட்தான் போட வேண்டும்.

40 மி.மீ. அகலம், 400 மி.மீ. நீளத்தில் மூன்று துண்டுகள் வெட்டுங்கள். முழு நீளத்துக்கு ஒரே பட்டையாகப் போட்டால் வெயிலில் மீட்டருக்கு நாலைந்து மில்லி நீண்டு, நடுவில் வளைந்து தொங்கும். துண்டுகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி விடுங்கள், ஒவ்வொன்றிலும் நடு ஓட்டை மட்டும் வட்டம், ஓரத்து ஓட்டைகளை நீளவாக்கில் முட்டை வடிவமாக அராவிவிடுங்கள். முன் விளிம்பை 45 டிகிரி சாய்த்துச் சீவ மறக்க வேண்டாம். சீவாத விளிம்பு கல்லில் நேராக முட்டி லிப்பையே பிய்த்துவிடும்.

மாட்டும் இடம் முக்கியம். லிப் முனையோடு முனையாக வைத்தால் 10 மில்லி தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி போய்விடும். 40 மி.மீ. பின்னால் தள்ளி வைத்தால் கால் டிகிரிக்குச் சற்று அதிகமாகத்தான் போகும். அப்போதும் ரேம்ப்பில் முதலில் படுவது துண்டுதான், லிப் அல்ல.

போல்ட் எம்6 (6 மி.மீ. தடிமன்) நைலானில் போதும். ஸ்டீல் போட்டால் தலை தேய்ந்து, சாவி பிடிக்க இடமில்லாமல் போகும். நைலானை டிரில்லால் குடைந்து எடுத்துவிடலாம். பலமாக மாட்டிக்கொண்டால் போல்ட் அறுந்து துண்டு மட்டும் போகும், பம்பர் தப்பிக்கும். தலை உள்ளே போகும் குழியை முதலில் 7 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்துவிட்டு, அப்புறம் நடு ஓட்டை போடுங்கள். வரிசை மாறினால் அகல பிட்டின் முனைக்குப் பிடிமானம் இருக்காது, குழி கோணலாகிவிடும். மேல்பக்கம் பெரிய வாஷர். ஃபைபர் லிப்பாக இருந்தால் ஓட்டை விளிம்பிலிருந்து 15 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும். மாஸ்கிங் டேப் ஒட்டிய பிறகே டிரில் வையுங்கள், இல்லாவிட்டால் ஓட்டையைச் சுற்றிச் சிலும்பு கிளம்பும்.

சந்தையில் விற்கும் சுருள் ரப்பர் லிப் கல் தெறிப்புக்கும் லேசான உரசலுக்கும் பரவாயில்லை. விளிம்பை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி ஒட்டி, மூன்று நாள் வாட்டர் வாஷ் பக்கமே போகாதீர்கள். டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். பெயின்ட் இல்லாத சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பிரைமர் தடவாமல் ஒட்டினால் ஓரம் கிளம்பிப் படபடக்கும். பெயின்ட்டைக் காக்க ஒட்டும் பிபிஎஃப் ஃபிலிமை நம்பிச் செலவு செய்வது வீண். அது கீறலுக்கானது, சிமென்டுக்கு அல்ல.

ஓட்டும்போது மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, டயர் ஏறும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். மிதித்தபடி ஏறினால் மூக்கு தாழ்ந்தே இருக்கும். இடம் இருந்தால் சாய்த்து ஏற்றுங்கள். பம்பரின் மூலை பின்னோக்கி வளைந்திருப்பதால் அங்கே டயருக்கு முன் நீட்டம் குறைவு. பார்க்கிங்கில் சிமென்ட் ஸ்டாப்பர் இருந்தால் எப்போதும் ரிவர்ஸில் விடுங்கள். முன்பக்கமாக விட்டால் லிப் அதன்மேல் ஏறி உட்காரும். வெளியே எடுக்கும்போதுதான் பம்பர் கிளிப்புகள் வரிசையாக உடையும்.

மாதம் ஒருமுறை கீழே குனிந்து பாருங்கள். போல்ட் தலை துண்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். நடுத்துண்டு மட்டும் தேய்ந்தால் காரணம் ரேம்ப். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அந்தப் பக்க ஸ்பிரிங் இறங்கியிருக்கிறதா என்று வீல் ஆர்ச் உயரத்தை அளந்து பார்த்துவிடுங்கள்.