பழைய துளைகளைத் திரும்பப் படித்தல்: சுமாத்திராவின் தங்க, வெள்ளிப் பகுதி ஒன்றின் ஆய்வு வரலாற்றைத் தொகுத்த அனுபவம்

சிங்கப்பூரில் கனிம ஆய்வு ஆலோசனை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சுமாத்திராவின் பாரிசான் மலைத்தொடரில் இன்னும் சுரங்கமாகாத ஒரு தங்க, வெள்ளிப் பகுதிக்கான தொழில்நுட்ப அறிக்கையில், புவியியல் அமைப்பையும் ஆய்வு வரலாற்றையும் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரகசிய ஒப்பந்தம் இருப்பதால் இடத்தின் பெயரைச் சொல்ல இயலாது. பங்குச் சந்தையில் கனிம நிறுவனங்களின் பங்குகளை வாங்கும் நம்மவர்கள் பலர், இத்தகைய அறிக்கைகளில் வள மதிப்பீட்டு அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு வரலாற்று அத்தியாயத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஆனால் அட்டவணையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அந்த அத்தியாயம்தான் தீர்மானிக்கிறது என்பது இந்த வேலையின்போது எனக்கு உறுதியாயிற்று.

முதலில் புவியியல். தமிழர்களுக்குத் தங்கச் சுரங்கம் என்றதும் நினைவுக்கு வருவது கோலார். அங்கே மிகப் பழமையான பாறைகளுக்குள் ஓடும் தங்க நாளங்களைத் தொடர்ந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, 2001ஆம் ஆண்டில் மூடப்படும் வரை தோண்டினார்கள். சுமாத்திராவின் கதை முற்றிலும் வேறு. இந்தியப் பெருங்கடலின் தரைத்தட்டு தீவின் அடியில் சாய்வாகப் புதைந்துகொண்டிருக்கிறது. அந்தச் சாய்வினால் உண்டாகும் பக்கவாட்டு நகர்வைத் தீவின் நீளம் முழுவதும் ஏறத்தாழ 1900 கிலோமீட்டர் ஓடும் சுமாத்திரா பிளவுப்பெயர்ச்சி தாங்கிக்கொள்கிறது. எரிமலைச் சூட்டில் கொதிநிலைக்கு மேல் சூடேறிய நிலத்தடி நீர், தங்கத்தையும் வெள்ளியையும் கரைத்துக்கொண்டு, அந்தப் பிளவுகளின் வழியே மேலேறுகிறது. ஆழத்தில் அழுத்தம் இருக்கும்வரை தங்கம் கந்தகத்தோடு பிணைந்து கரைசலிலேயே இருக்கும். மேலே அழுத்தம் குறையும் ஒரு மட்டத்தில் நீர் கொதிக்கத் தொடங்கியதும், சோடா புட்டியைத் திறந்தாற்போல வாயுக்கள் வெளியேறிவிடுகின்றன. கந்தகத் துணையை இழந்த தங்கம் அங்கேயே படிந்துவிடுகிறது. ஆகவே இவ்வகைப் படிவுகளில் வளம் பெரும்பாலும் சில நூறு மீட்டர் உயரமுள்ள ஒரு பட்டைக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே துளையிட்டாலும் ஒன்றும் கிடைக்காது, கீழே துளையிட்டாலும் ஈயமும் துத்தநாகமும் மிகுந்து தங்கம் மெலிந்துவிடும். பழைய ஆவணங்களைப் படித்த நாள்கள் முழுவதும் இந்த ஒரு விதியை நான் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

ஆவணங்கள் பல அடுக்குகளாக இருந்தன. டச்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெங்குலுப் பகுதியின் ரெஜாங் லெபோங்கில் சுரங்கம் தொடங்கிய காலத்தில், சுற்றுவட்டாரம் முழுவதும் ஆட்களை அனுப்பித் தேடினார்கள். எங்கள் பகுதியிலும் அவர்கள் குடைந்த சிறு சுரங்க வழிகள் உள்ளன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெடிய மௌனம். 1967இல் இந்தோனேசியா அந்நிய முதலீட்டுச் சட்டம் கொண்டுவந்து, பணி ஒப்பந்த முறையில் கனிம உரிமங்களை வழங்கத் தொடங்கிய பிறகு, 1980களில் ஓடை மணலைக் கிலோக்கணக்கில் அள்ளி சயனைடில் ஊறவைத்து, அதில் கரையும் நுண்ணிய தங்கத்தை அளக்கும் முறை வந்தது. ஒரு கைப்பிடி மணலில் ஒரு தங்கத் துகள் அகப்படுவதும் அகப்படாததும் தற்செயல் என்பதால், பெருமளவு மணலை எடுக்கும் இந்த முறை அடர்ந்த காட்டில் பேருதவியாக அமைந்தது. 1990களில் வேறொரு குழு துளையிட்டது. 1997இன் ஆசிய நிதி நெருக்கடியோடு அவர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

டச்சு வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்துவதுதான் அதிக உழைப்பைக் கேட்டது. அவற்றின் தீர்க்கரேகைகள் கிரீன்விச்சிலிருந்து அல்ல, பத்தேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, கணக்கிடப்பட்டவை; கிழக்கே 106 பாகை 48 நிமிடத்தைக் கூட்டினால்தான் இடம் பிடிபடும். அதைக் கூட்டிய பிறகும், 1841இல் பெஸ்ஸல் கணித்த பூமி வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட அளவைகள் இன்றைய செயற்கைக்கோள் அளவைகளிலிருந்து சில நூறு மீட்டர் விலகி நிற்கும். ஒரு மீட்டர் அகலமுள்ள நாளத்தைத் தேடுகிறவர்களுக்கு இது மிகப் பெரிய தூரம். ஓடைகள் சங்கமிக்கும் இடங்களையும் பழைய சுரங்க வாயில்களையும் களப் பணியாளர்கள் நேரில் சென்று அளந்து அனுப்ப, ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். அலகுகளும் அப்படித்தான். தேசிய நூலகம் மின்னாக்கம் செய்துள்ள பழைய சிங்கப்பூர்ச் செய்தித்தாள்களில், பகாங்கின் ரவுப் சுரங்கம் போன்றவற்றின் உற்பத்தி விவரங்களை இன்றும் படிக்கலாம். அக்கால ஆங்கிலேயச் சுரங்கங்கள் செறிவை ஒரு பழைய டன்னுக்கு இத்தனை பென்னிவெயிட் என்று எழுதும் வழக்கமிருந்தது. ஒரு பென்னிவெயிட் என்பது 1.555 கிராம், அந்த டன்னோ இன்றைய மெட்ரிக் டன்னைவிடச் சற்றுப் பெரியது. இதைக் கவனிக்காமல் எண்களை அப்படியே எடுத்தாண்ட பிற்காலத் தொகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

1990களின் துளைப் பதிவேடுகளில்தான் விஷயத்தின் உயிர் இருந்தது. வைரமுனைத் துளைப்பானால் எடுக்கப்படும் உருளை வடிவக் கல்லை (இதைக் ‘கோர்’ என்பார்கள்) மீட்டர் மீட்டராக விவரித்து எழுதியிருந்தார்கள். அலுவலகத்துக்கு வந்த ஒரு துண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தேன். பால்வெண்மையான குவார்ட்ஸ் மெல்லிய அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தது. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, பென்சில் கோடு போன்று கறுத்த ஒரு பட்டை. வெள்ளியின் கந்தகக் கனிமங்கள் சேர்ந்திருப்பது பெரும்பாலும் அத்தகைய பட்டையில்தான். இன்னொரு முனையில் குவார்ட்ஸ் தகடு தகடாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றது. அவை முதலில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் தகடுகளாக வளர்ந்து, பின்னர் கரைந்து, குவார்ட்ஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவை. அந்த மட்டத்தில் நீர் கொதித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கல்லில் கிடைப்பது அரிது.

எங்கள் அறிக்கையில் கையொப்பமிடவிருந்த மூத்த புவியியலாளர் கோலாரில் பிறந்து வளர்ந்த தமிழர். அட்டவணையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனபோது, தங்கச் செறிவுப் பத்தியை அவர் பார்க்கவே இல்லை. “ஏம்மா, நாளத்துக்குள்ள கோர் எவ்வளவு வந்துச்சுன்னு எழுதியிருக்காங்களா? அத முதல்ல காட்டுங்க” என்றார். சில துளைகளில், நாளம் வரும் இடத்தில் துளையிட்ட நீளத்தில் பாதிகூடக் கல்லாக மேலே வரவில்லை. களிமண்ணும் நொறுங்கிய கந்தகக் கனிமமும் துளையிடும் நீரோடு போய்விட்டால், எஞ்சிய கோர் நாளம் முழுவதையும் குறிக்காது. பதிவான செறிவு உண்மையைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். அவற்றை வள மதிப்பீட்டில் சேர்க்காமல் தனியே ஒதுக்கினோம்.

பிறகு வெற்றுத் துளைகளுக்கு வந்தோம். வடக்குப் பக்கத்தில் இடப்பட்ட துளைகள் யாவும் ‘தங்கம் இல்லை’ என்ற ஒரே வரியோடு முடிந்திருந்தன. ஆனால் விவரிப்புகளைச் சேர்த்துப் படித்தால், அவற்றில் கால்சிடோனி எனப்படும் மிக நுண்மணிக் குவார்ட்ஸ் மட்டுமே திரும்பத் திரும்ப வருகிறது. தகடு வடிவக் குவார்ட்ஸ் எங்கும் இல்லை. துளைகள் யாவும் ஆழம் குறைந்தவை. தெற்கே கொதிமட்டம் வெளிப்படும் உயரத்தையும், இரு பக்கங்களுக்கும் நடுவே ஓடும் பிளவினால் வடபகுதி கீழே இறங்கியிருப்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்தத் துளைகள் கொதிமட்டத்தைத் தொடாமலேயே நின்றுவிட்டன என்ற விளக்கம் மிகவும் பொருந்துகிறது. கீழே தங்கம் உண்டு என்பதற்கு இது சான்றாகாது. இல்லை என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டதற்கும் சான்று இல்லை என்பதே நான் எழுதியது.

அப்படி எழுதுவதற்கும் வரம்பு உண்டு. கனிம வள அறிக்கைகளுக்காக நாங்கள் பின்பற்றிய ஆஸ்திரேலிய ஜோர்க் விதித்தொகுப்பின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, மாதிரி எடுத்த முறை முதல் ஆய்வகச் சோதனை வரை ஒவ்வொன்றையும் விளக்கச் சொல்கிறது. ஒன்றை விளக்க முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று எழுதச் சொல்கிறது. இந்தக் கண்டிப்பு மிகையானதென்று நினைப்பவர்கள் கலிமந்தானின் புசாங்கில் நடந்த தங்க மோசடியை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பிரி-எக்ஸ் நிறுவனத்தின் கோர், பாதியைச் சான்றாக வைத்துக்கொள்ளாமல் ஏறத்தாழ முழுவதும் நொறுக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போனது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்தது 1997இல் வெளிப்பட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய கல் மிஞ்சியிருக்கவில்லை. எங்கள் பகுதியில் பாதி கோர் பெட்டிகளில் பத்திரமாக இருந்தது. தேர்ந்தெடுத்த பகுதிகளை வேறோர் ஆய்வகத்தில் மறுபடி சோதிக்கக் கொடுத்தோம். பழைய தங்க எண்கள் பெரும்பாலும் தாங்கி நின்றன, வெள்ளி எண்கள் அந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. அதையும் அப்படியே பதிவு செய்தோம்.

பரிந்துரையாக இரண்டைக் கேட்டிருக்கிறோம். தெற்கே, கல் குறைவாக வந்த பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே, நொறுங்கும் கல்லையும் இழக்காமல் எடுக்க உதவும் மூன்றடுக்குக் குழாயும் பெரிய விட்டமும் கொண்ட துளைப்பானால், பழையவற்றோடு ஒப்பிட இணைத் துளைகள் இட வேண்டும். வடக்கே, கொதிமட்டம் இருக்கக்கூடிய ஆழம்வரை செல்லும் துளைகள் இட வேண்டும். வடபகுதியில் ஒரு பாகம் காப்புக் காட்டுக்குள் வருகிறது; 1999ஆம் ஆண்டின் 41ஆம் எண் வனச் சட்டம் அங்கே திறந்தவெளிச் சுரங்கத்தைத் தடை செய்வதால், எதிர்காலத்தில் எடுத்தாலும் நிலத்தடிச் சுரங்கமாகவே எடுக்க முடியும் என்பதையும், துளையிடுவதற்கே வன அமைச்சின் அனுமதி தேவை என்பதையும் அறிக்கையின் தொடக்கத்திலேயே சேர்த்தோம். தெற்குத் துளைகளுக்கான ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. வடக்குக்கான விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.