தனி வயலினும் அதில் இல்லாத சுரங்களும்

தனி வயலின் கேட்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேராக ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சகோனில் போய் விழுகிறார்கள். கால் மணி நேரம் ஓடுகிற உருப்படி அது, முதல் தடவையிலேயே பிடிபடாது. என்னைக் கேட்டால் முதலில் பிபர் என்பேன். சால்ஸ்பர்க்கில் இருந்த வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான பிபர் 1670களில் எழுதிய ஜெபமாலை சொனாட்டாக்களின் கடைசியில், துணைக்கருவி எதுவும் இல்லாமல் ஒரு பாஸகாலியா வரும், அதாவது அடியில் ஒரே சுர வரிசை திரும்பத் திரும்ப வருகிற உருப்படி. கையெழுத்துப் பிரதியில் அந்த இடத்தில் ஒரு குழந்தையும் காவல் தூதரும் இருக்கும் படம். அடித்தளம் நான்கே சுரங்கள்: ஜி, எஃப், ஈ ஃப்ளாட், டி. 65 முறை அதுவே திரும்ப வருகிறது, ஆனாலும் சலிக்காது, ஏனென்றால் அதன் மேல் ஓடுவது ஒவ்வொரு சுற்றிலும் வேறு. சில இடங்களில் அந்த நான்கு சுரங்களே மேலே ஏறிக்கொள்ள மற்றதெல்லாம் கீழே ஓடும்.

இதெல்லாம் ஒரு வில்லை வைத்துக்கொண்டு எப்படி? வயலினின் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு, வளைவாக இருப்பதால் வில்லை இழுத்து நிறுத்தி வாசிக்க முடிவது இரண்டு தந்திகளைத்தான். நான்கு சுரம் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் கீழே உள்ளவற்றைத் தொட்டுவிட்டு உடனே மேலே தாவ வேண்டும். கீழ்ச்சுரம் அதற்குள் அடங்கிவிடும், ஆனால் நம் காது அதை விடாது, இன்னும் ஒலிப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே வருவதைக் கேட்கும். சகோன் இருக்கிற, பாக் 1720 என்று தேதியிட்ட தனி வயலின் பிரதியின் முகப்பிலேயே 'பாஸ் துணையில்லாமல்', அதாவது கீழ்ச்சுரங்களை வாசிக்கும் கருவி இல்லாமல், என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. வயலின் சொனாட்டா என்றால் கூடவே ஹார்ப்சிகார்டோ (பியானோவுக்கு முந்தைய விசைக்கருவி) செல்லோவோ இருப்பதே வழக்கமாக இருந்த காலம் அது.

சரி, சகோனுக்கு வருவோம். அதுவும் ஒரு சிறு அடித்தளம் திரும்பத் திரும்ப வர, மேலே மாறிக்கொண்டே போகிற உருப்படிதான். சோகச் சாயலுள்ள டி மைனரில் இறுக்கமாகப் போய்க்கொண்டிருப்பது பாதி தாண்டியதும் வெளிச்சமான டி மேஜருக்கு மாறும். முதலில் தணிந்த குரல், கொஞ்ச நேரத்தில் ஒரே சுரம் தட்டித் தட்டி வந்து எக்காளம் மாதிரி ஆகிவிடும். அப்புறம் திடீரென்று மறுபடி மைனர். அந்த ஒரு திருப்பத்துக்காகவே முழுவதையும் கேட்கலாம். அதே 1720இல் இறந்த மனைவி மரியா பார்பராவுக்கான இரங்கல் இது என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கிடையாது, கதை இல்லாமலே இசை நிற்கிறது.

பிற்காலத்தவர்களுக்கு இந்த வெறுமை பொறுக்கவில்லை. இசையமைப்பாளர்கள் மெண்டல்சனும் ஷூமனும் சகோனுக்குப் பியானோ துணை எழுதிச் சேர்த்தார்கள், புசோனி இரண்டு கைக்கும் நிறைய வேலை கொடுத்து முழுப் பியானோ உருப்படியாகவே ஆக்கினார். பிரமாதமான வேலைதான், ஆனால் காது நிரப்ப வேண்டிய இடத்தையெல்லாம் அவர்களே நிரப்பிவிட்டால் நமக்கு என்ன மிச்சம்? பிராம்ஸ் மட்டும் இதைப் பியானோவின் இடது கைக்கு மட்டும் மாற்றி எழுதினார். 1877இல் பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு அனுப்பியபோது, வயலின்காரர் படுகிற பாட்டுக்கு அருகில் போக இது ஒன்றுதான் வழி என்ற பொருளில் கடிதமும் எழுதினார். அந்தச் சிரமத்தைத் தனக்கும் வைத்துக்கொண்டவர் அவர்தான், அதனால் பியானோவில் கேட்பதென்றால் நான் அதைத்தான் போடுவேன்.