120 வோல்ட்டில் ஓடிய 230 வோல்ட் எடிட்டிங் செட்டப்

ஒரு வீடியோ வேலைக்காக எடிட்டிங் சாமான்களை அப்படியே அமெரிக்காவுக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. நம்மிடம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (கரண்ட் வினாடிக்கு 50 சுற்று). அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் மாட்டிவிடு என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதற்குத் தேவையே வரவில்லை.

பெட்டி கட்டும் முன் ஒவ்வொன்றின் லேபிளையும் டார்ச் அடித்துப் படித்தேன். லேப்டாப் சார்ஜர், மானிட்டர், கேமரா சார்ஜர், ஹார்ட் டிஸ்க் அடாப்டர் எல்லாவற்றிலும் ‘இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தது. இப்படி இருந்தால் பிளக் மட்டும் மாறினால் போதும். ஜப்பானின் 100 வோல்ட்டிலும் ஓடும். மானிட்டரின் பவர் கார்டு கழற்றி மாட்டக்கூடியது என்பதால், அமெரிக்காவிலேயே மூன்று பின் கார்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு பின் டிராவல் அடாப்டரில் எர்த் கிடைக்காது. எர்த் இல்லாமல் எடிட்டிங் செட்டப்பை ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டெஸ்க்டாப்பில் இருந்தது பழைய பவர் சப்ளை. பின்னால் 115/230 என்று ஒரு சின்ன சிவப்பு ஸ்விட்ச். கார்டைக் கழற்றிய பிறகு 115க்குத் தள்ளினேன். ஊர் திரும்பியதும் அதை மாற்றாமல் 230 வோல்ட்டில் செருகினால் பவர் சப்ளை போய்விடும். அதனால் கார்டின் முனையிலேயே ‘முதலில் ஸ்விட்சைப் பார்’ என்று டேப்பில் எழுதி ஒட்டிவைத்தேன்.

ஸ்பீக்கர்களில்தான் 230 வோல்ட் மட்டும் போட்டிருந்தது. அவற்றுக்கு மட்டும் சின்னதாக ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். அது வோல்டேஜை ஏற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஸ்பீக்கர் 60இல் ஓடுவதில் சிக்கல் இல்லை. 60க்கு மட்டுமே செய்ததை 50இல் ஓட்டினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும். யு.பி.எஸ்.ஸை எடுத்துப் போகவில்லை. அதை அந்தந்த நாட்டிலேயே வாங்குவதுதான் சரி.

அப்புறம் ஆம்பியர். வோல்டேஜ் பாதியானால் அதே வாட்டுக்குக் கரண்ட் இரண்டு மடங்கு இழுக்கும். அங்கே சாதாரண சர்க்யூட் 15 ஆம்பியர்தான். பக்கத்து அறையில் யாரோ 1500 வாட் ஹீட்டரைப் போட்டார்கள். அது ஒன்றே 12.5 ஆம்பியர். ரெண்டர் (எடிட் செய்ததை இறுதி வீடியோவாக்கும் வேலை) பாதியில் இருக்கும்போது பிரேக்கர் டிரிப் ஆனது. இரண்டு அறைகளுக்கும் ஒரே சர்க்யூட் என்பது அப்போதுதான் தெரிந்தது. வேறு சர்க்யூட்டில் இருந்த பிளக் பாயின்ட்டுக்கு மேசையையே நகர்த்திவிட்டோம்.

கம்ப்யூட்டருக்கு 50, 60 வித்தியாசம் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அங்கே டியூப்லைட் 60 ஹெர்ட்ஸின் இரண்டு மடங்காக, வினாடிக்கு 120 தடவை மினுக்கும். நம் பழக்கப்படி வினாடிக்கு 25 ஃபிரேம், 1/50 வினாடி ஷட்டரில் எடுத்த சோதனை ஷாட்டில், சுவரில் கருப்புப் பட்டைகள் ஊர்ந்தன. ஷட்டரை 1/60க்கு மாற்றியதும் போய்விட்டன. ஃபிரேம் ரேட்டைத் தொடவே இல்லை; ஏற்கெனவே இருந்த 25 ஃபிரேம் காட்சிகளோடு புதியவையும் டைம்லைனில் சேர்ந்துகொண்டன.