டெக்சஸில் மகளுக்குப் பள்ளி தேடியபோது: சார்ட்டரா, மாவட்டப் பள்ளியா?

டல்லாஸுக்கு வடக்கேயுள்ள புறநகர்களில் குழந்தைக்கு நான்கு வயது நிறைந்ததுமே தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. செப்டம்பர் 1-ஆம் தேதிக்குள் ஐந்து வயது நிறைந்திருந்தால் அந்த ஆண்டே கிண்டர்கார்டனில் சேர்க்கலாம் என்பதால், எங்கள் மகள் 2024 ஆகஸ்டில் பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மாவட்டப் பள்ளி, அதாவது எங்கள் பகுதியின் கல்வி மாவட்டம் நடத்தும் பொதுப் பள்ளி இருந்தது. ஆனால் நண்பர்களில் பாதிப் பேர் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றியே பேசினார்கள். அதனால் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே இரண்டையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்ப்பது என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களில் பலர் சார்ட்டரைத் தனியார் பள்ளி என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அதுவும் அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. டெக்சஸில் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பெரும்பாலும் இலாப நோக்கற்ற அமைப்புகள், மாநில அரசின் ஒப்புதலோடு இவற்றை நடத்துகின்றன. மாவட்டப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவை அந்தப் பகுதி வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சார்ட்டரின் நிர்வாகக் குழு தேர்தலில் வருவதில்லை. நாம் கட்டும் உள்ளூர்ச் சொத்துவரியில் சார்ட்டருக்குப் பங்கில்லை. அது மாநில அரசின் நிதியை நம்பியே இயங்குகிறது. கல்வித்தரம் அல்லது நிதி நிலையில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேறாத சார்ட்டரின் உரிமம் ரத்தாக வேண்டும் என்று 2013-இல் சட்டம் வந்தது. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் பள்ளிகளிடம் என்ன கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குப் புரிந்தது.

விண்ணப்பிப்பது எளிதாகவே இருந்தது. இணையப் படிவம் ஒன்றை நிரப்பினால் போதும். நுழைவுத் தேர்வோ நேர்காணலோ இல்லை. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக இருந்தால் குலுக்கல் நடத்துகிறார்கள். ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளையின் உடன்பிறப்புகளுக்கு முன்னுரிமை கிடைக்கிறது. குலுக்கலில் எங்கள் மகளுக்கு இடம் விழவில்லை. காத்திருப்புப் பட்டியலில் ஓர் எண் கொடுத்தார்கள். இடம் காலியானால் அழைப்பு வரும், அதற்குச் சில நாட்களுக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். மாவட்டப் பள்ளியில் குலுக்கலே இல்லை. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, முகவரிக்குச் சான்றாக மின்கட்டண ரசீது ஆகியவற்றைக் கொடுத்ததும் சேர்க்கை முடிந்தது. எங்கள் விசா நிலையை இரண்டு இடங்களிலும் யாரும் கேட்கவில்லை. இதே டெக்சஸிலிருந்து சென்ற வழக்கில்தான், குடியேற்ற ஆவணங்கள் இல்லை என்பதற்காகக் குழந்தைக்குப் பொதுக்கல்வியை மறுக்கக்கூடாது என்று 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தரத்தை அளவிடுவதில்தான் நாங்கள் நெடுநேரம் செலவிட்டோம். எல்லாரும் மாநிலம் பள்ளிகளுக்குத் தரும் 'ஏ' முதல் 'எஃப்' வரையிலான தரக் குறியீட்டையே கேட்கிறார்கள். நாங்கள் தேடிய காலத்தில் புதிய குறியீடுகளே வெளியாகவில்லை. 2023-ஆம் ஆண்டுக்குரியவை நீதிமன்ற வழக்கில் சிக்கி 2025-இல்தான் வெளிவந்தன. அவை கையில் இருந்திருந்தாலும் எங்களுக்குப் பெரிதாக உதவியிருக்காது என்றே நினைக்கிறேன். ஏனெனில் தொடக்கப் பள்ளியின் குறியீடு பெரும்பாலும் மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கும் 'ஸ்டார்' என்ற மாநிலப் பொதுத்தேர்வின் மதிப்பெண்களைச் சார்ந்தது. கிண்டர்கார்டன் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. அதைவிட மாநிலக் கல்வித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விரிவான செயல்பாட்டு அறிக்கை பயன்பட்டது. ஆசிரியர்களின் சராசரி அனுபவம், ஒவ்வோர் ஆண்டும் எத்தனை சதவீத ஆசிரியர்கள் விலகுகிறார்கள், வகுப்புக்குச் சராசரியாக எத்தனை மாணவர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. நாங்கள் பார்த்த சார்ட்டரில் ஆசிரியர் விலகல் எங்கள் மாவட்டத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாக இருந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆண்டின் நடுவில் ஆசிரியர் மாறினால் என்ன ஆகும் என்ற கவலை அன்றிலிருந்தே என்னிடம் இருந்தது.

வகுப்பின் அளவும் அப்படித்தான். மாவட்டப் பள்ளிகளில் நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 22 பேருக்கு மேல் கூடாது என்று மாநிலச் சட்டம் வரையறுக்கிறது; விலக்கு வேண்டுமென்றால் மாவட்டம் பொதுவாக மாநிலத்திடம் கேட்டுப் பெற வேண்டும். சார்ட்டர்களை இந்த வரம்பு கட்டுப்படுத்தாது. பெரும்பாலான பாடங்களுக்கு ஆசிரியர் சான்றிதழையும் சார்ட்டரில் சட்டம் கட்டாயமாக்கவில்லை, பட்டப்படிப்பு போதும். நாங்கள் நேரில் சென்ற சார்ட்டரில் வகுப்பு பெரியதாக இருந்தாலும் துணை ஆசிரியர் ஒருவரும் இருந்தார், பாடம் நடத்திய விதமும் நன்றாகவே இருந்தது. அதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது மகளின் பேச்சுப் பயிற்சிதான். அவளுக்குச் சில ஒலிகள் தெளிவாக வரவில்லை. மூன்று வயது முதலே இத்தகைய குழந்தைகளை மதிப்பிட்டு, தேவையானால் இலவசமாகப் பயிற்சி தர வேண்டிய பொறுப்பு நாம் வசிக்கும் மாவட்டத்திற்கு உண்டு என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. நாங்கள் எழுத்தில் கோரிக்கை வைத்தோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பின் மதிப்பீடு நடந்தது. பிறகு பெற்றோரும் பள்ளியினரும் சேர்ந்து அமரும், இங்கே ஏ.ஆர்.டி. என்று அழைக்கப்படும் குழுக் கூட்டத்தில் அவளுக்கான தனித்திட்டம், அதாவது அவளுக்கு என்னென்ன சேவை தர வேண்டும் என்ற கல்வித் திட்டம் எழுதப்பட்டது. இரண்டு மொழி பேசும் வீட்டுக் குழந்தை என்பதை மதிப்பீட்டாளர் முதலிலேயே கேட்டறிந்து, தமிழ் ஒலிப்பின் இயல்பான சாயலையும் உண்மையான பேச்சுச் சிக்கலையும் பிரித்துப் பார்த்தது எனக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது.

சிறப்புக் கல்விச் சட்டம் சார்ட்டருக்கும் முழுமையாகப் பொருந்தும். தனித்திட்டத்தோடு ஒரு குழந்தை வந்தால் அதற்கு ஈடான சேவையை அங்கேயும் கொடுத்தாக வேண்டும். ஆகவே நான் அவர்களிடம், பேச்சுப் பயிற்சியாளர் உங்கள் வளாகத்திலேயே இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், அவர் விலகினால் யார் பார்ப்பார் என்று மட்டும் கேட்டேன். வெளி நிறுவனம் ஒன்றின் மூலம் இணைய வழியில் நடத்துவோம் என்றார்கள். திரையின் முன் அமர்ந்து நாக்கின் நிலையைப் பழகுவது என் மகளுக்குப் பொருந்தாது என்று எனக்குத் தோன்றியது. மாவட்டப் பள்ளியில் பயிற்சியாளர் அந்தக் கட்டடத்திலேயே பணிபுரிந்தார்.

கோடையில் சார்ட்டரிலிருந்து அழைப்பு வந்தபோது நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். அந்த இடத்தை விடுவதில் தயக்கம் இருந்தது உண்மை. அவளை அங்கே சேர்த்திருந்தால் இரண்டு வயது இளையவனான மகனுக்கும் முன்னுரிமை கிடைத்திருக்கும். சார்ட்டரின் பக்கம் எங்களுக்கிருந்த வலுவான காரணம் அதுதான்.

எங்களோடு தேடிய இன்னொரு குடும்பம் சார்ட்டரையே தேர்ந்தெடுத்தது. அவர்களின் மகன் கணக்கில் வகுப்பைத் தாண்டி நின்றான், அங்கே அவனை மேல்வகுப்புக் கணக்குப் பாடத்தில் அமர்த்த ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு அது சரியான முடிவு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், சார்ட்டர் மாணவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக வாசிப்பில் 16 நாட்களுக்கும் கணக்கில் 6 நாட்களுக்கும் ஈடான கூடுதல் கற்றலைப் பெற்றதாகக் கண்டார்கள். ஆனால் முழுக்க இணையவழியில் நடக்கும் சார்ட்டர்களின் மாணவர்கள் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். சராசரி என்பது இத்தனை வேறுபாடுகளை உள்ளடக்கியது என்பதால்தான், நாம் சேர்க்கப்போகும் அந்த ஒரு கட்டடத்தைப் பற்றி விசாரிக்கும்படி கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

இப்போது தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. வசிக்கும் முகவரி இருக்கும்வரை மாவட்டம் ஆண்டின் எந்த மாதத்திலும் உங்கள் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சார்ட்டரில் விட்ட இடத்திற்கோ மீண்டும் விண்ணப்பித்துக் காத்திருக்க நேரலாம். எனவே சார்ட்டருக்கு விண்ணப்பிக்கும்போதே மாவட்டப் பள்ளியையும் நேரில் பார்த்துவிடுங்கள். குழந்தைக்குத் தனித்திட்டம் இருந்தால் அதன் நகலோடு செல்லுங்கள், அதிலுள்ள ஒவ்வொரு சேவையையும் யார், எங்கே, எந்த நேரத்தில் தருவார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.